வெயில் அடித்த பதினொரு நாட்கள்

அந்தக் கண்ணாடிக் குழாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு முழம்கூட இல்லை; உடம்பெல்லாம் கோடுகள், எண்கள். மழைத் தகரத்தில் சேர்ந்த தண்ணீரை அதில் ஊற்றி, நன்றாகக் குனிந்து, தண்ணீர் மட்டத்துக்கு நேரே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் பொய் சொல்லும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் கலாநிதி ஐயா. அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. காற்சட்டையில் சேறு பட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

நாவலப்பிட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் ஆராய்ச்சிக்காரர்களுக்கு வசதியான இடம். கண்டியில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வேனில் ஏறினால் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடலாம். பெண்களின் இரத்தத்தைச் சின்னப் போத்தல்களில் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு; யாருக்கு என்ன நோய் வருத்தம் என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோமா என்று கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு கேட்டு, பதில் சொல்லி முடிப்பதற்குள் அடையாளம் போட்டவர்களும் உண்டு. கலாநிதி ஐயா மலையை ஆராய வந்தார். எவ்வளவு மழைக்கு இந்த மலை சரியும் என்று கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார்கள். வந்தபோது அவர் கலாநிதி இல்லை. அந்தப் பட்டத்தை எங்கள் மலைதான் வாங்கிக் கொடுத்தது.

நான் அப்போது பிள்ளை மடுவத்து ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கொஞ்சம் பெரிய ஆட்கள் பேச்சுக் கொடுத்தால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேனே தவிர, வாய் வராது. மழைத் தகரத்தை மடுவத்து முற்றத்தில் நட்டுவிட்டு, தினமும் காலையில் அளந்து கொப்பியில் எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையிலும் எழுதினேன், தீபாவளியிலும் எழுதினேன்.

அந்த வருஷம் பெருமழை நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தேன். நான் போன அன்றே மழை விட்டுவிட்டது. ஆஸ்பத்திரி முற்றத்துக் கொடியில் போட்ட வெள்ளைச் சீலைகள் பகலுக்குள் மொறுமொறுவென்று காய்ந்தன. என்னைப் பார்க்க வந்த ஒருவர் கையிலும் குடை இல்லை. வீட்டுக்கு வந்ததும், கொப்பியில் அந்தப் பதினொரு நாளுக்கும் நேரே 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். பார்க்காததை வேறு எப்படி எழுதுவது?

கலாநிதி ஐயா கொப்பியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகத்தான் பேசுவார். "என்ன ஆயம்மா இது? இப்பிடி இடைவெளி விட்டா கட்டுரையை ஒருத்தரும் எடுக்க மாட்டினம். முந்தின நாள் மாதிரியே போட்டு விடுங்கோ."

"அந்த நாளெல்லாம் வெயிலுங்க ஐயா."

"மழைக்காலம்தானே, மழை எண்டே இருக்கட்டும். ஆர் வந்து பாக்கப் போகினம்?"

பேனாவை நீட்டினார். நான் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே தன்னுடைய தாளில், கதிரையில் சாய்ந்தபடி, பதினொரு நாளுக்கும் முந்தின நாள் அளவிலேயே மழை பெய்ய வைத்தார். அவ்வளவு லேசாக மழை பெய்ய வைக்கத் தெரிந்த மனிதர், தகரத்தையும் குழாயையும் எதற்குத் தோட்டம்வரை தூக்கிக்கொண்டு வந்தார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பட்டம் கிடைத்த பிறகு கண்டியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரையில் மழையைக் கம்பிகம்பியாக நிறுத்திக் காட்டினார் ஐயா. இத்தனை நாள் விடாத மழையையும் இந்த மலை தாங்கியது, ஆகவே அந்த அளவு சேரும்வரை லயத்து வீடுகளில் இருக்கும் சனம் பயப்படத் தேவையில்லை என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். என் பதினொரு வெயில் நாளும் பதினொரு கம்பியாக நின்றது. மலை தாங்கியது மழை விட்டதனால். இவர் அது மழையைத் தாங்கியது என்கிறார். அந்தக் கணக்கில் என் வீடும் இருந்தது, மடுவத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே பிடித்தார்கள். நான் பொன்னாடையின் நுனியைத் திருகினேன். "ஆயம்மாவுக்கு வெக்கம்," என்றார் ஐயா. எல்லோரும் கைதட்டினார்கள். படித்தவர்கள் நிறைந்த மண்டபம் அது. ஒருவர்கூடக் கொப்பி எங்கே என்று கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் அதிகாரிகள் லயத்து வாசலில் பலகை நட்டார்கள். தொடர் மழை இந்த அளவைத் தாண்டினால் வெளியேறுங்கள் என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து, பலகை சொன்ன அளவிலிருந்து அந்தப் பதினொரு நாள் மழையைக் கழித்தேன். மூன்றாம் வகுப்புக் கழித்தல்தான். மிச்சம் வந்ததைக் கொப்பி அட்டையில் எழுதிச் சிவப்பில் கோடு போட்டு வைத்தேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு காலை, நான் விடாமல் அளந்து கூட்டிவந்த மழை அந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பலகையின் அளவுக்கோ இன்னும் எவ்வளவோ இருந்தது. கொப்பியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போய் முதல் கதவைத் தட்டினேன்.

"மல வரப்போகுது. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க."

"என்னா ஆயா, போர்டுல போட்ட அளவு வரலியே? அந்தப் படிச்ச ஐயாவ விட ஒங்களுக்குத் தெரியுமாக்கும்?" என்று ஒருவன் சிரித்தான்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "அடப் போடா! ஊமக்கோட்டான் மாதிரி இருந்த ஆயாவே வாயத் தொறந்து கத்துது. அப்பறம் என்னாடா போர்டு? எந்திரிங்கடி எல்லாரும்!"

பகல் சாப்பாட்டு நேரத்தில் மலை வந்தது. லயத்தின் கடைசி நாலு காம்பராவும் மடுவமும் மண்ணுக்குள் போயின. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

மறு வாரமே கலாநிதி ஐயா வந்தார். கூடவே எங்கள் மனது எவ்வளவு பயந்திருக்கிறது என்று அளக்க ஒரு டொக்டரும், சமூகத்தை ஆராயும் ஒரு மேடமும். மேடம் பேச்சுப் பதியும் கருவியை என் முன்னால் வைத்தார்.

"எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தீங்களா அம்மா? பறவைகள் ஏதாவது சத்தம் போட்டதா?"

"எறும்பைப் பாக்கலைங்க. ஐயா சேத்த பதினொரு நாளக் கழிச்சேன்."

ஒரு முறை வாய் திறந்தவளுக்கு மறுமுறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஐயா கையை நீட்டிக் கருவியை நிறுத்தினார். "அது தொழில்நுட்ப விசயம், மேடம். உங்களுக்குத் தேவைப்படாது." என் முகத்தை அவர் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டத்துக்கே குனியாதவர், என் கண்ணுக்கா குனியப் போகிறார்?

அவர்கள் மூவரும் சேர்ந்து எழுதியது அச்சில் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து டீச்சர் வாசித்துச் சொன்னார். மலையகப் பெண்களிடம் பரம்பரையாக வரும் அறிவாம். எறும்பையும் பறவையையும் பார்த்து ஆபத்தை உணர்வார்களாம். என் படமும் இருந்தது. கழித்தலைப் பற்றி ஒரு வரி இல்லை. பழைய பலகையை மட்டும் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொண்டு போய், அளவு குறைத்துப் புதிதாக நட்டிருந்தார்கள். போய்க் குனிந்து பார்த்தேன். என் அட்டையில் இருந்த அளவேதான்.

இப்போது மேட்டில் சூரிய வெளிச்சத்தில் ஓடும் பெட்டி ஒன்று தானாகவே மழையை அளக்கிறதாம். இருக்கட்டும். நானும் புதுத் தகரம் ஒன்றை நட்டு, தினமும் அளக்கிறேன். குழாய் உடையாமலிருக்க அந்தப் பொன்னாடையில்தான் சுற்றி வைத்திருக்கிறேன்; அதற்கு வேறு உபயோகம் இல்லை. கொப்பியும் முழுசாக இருக்கிறது. கைதட்டு வாங்கக் கண்டிக்குப் போன நாளுக்கு நேரே, என் கையெழுத்தில், 'பார்க்கவில்லை' என்று இருக்கிறது. ஐயாவின் கணக்கில் அன்றைக்கு எவ்வளவு பெய்ததோ, அது அவருக்குத்தான் தெரியும்.