என் மனைவியின் திறன் பலகை

என் மனைவியின் பள்ளிக்கூடத்தில் திறன் பலகை பொருத்திய நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் நான் அவள்மீது பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் ஒருமுறை சொல்ல நேர்ந்தது. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இருவரும் ஆசிரியர்கள். அவள் அச்சுவேலிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள். நான் கொடிகாமத்துக்கு உள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். வீடு புத்தூரில். காலையில் ஒன்றாக வெளிக்கிட்டு, சந்தியில் அவள் ஒரு பக்கம் திரும்புவாள், நான் மறுபக்கம்.

எல்லாம் வலயக் கல்வி அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் தொடங்கியது. வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று நம் நாட்டுக்குக் கடன் தருகிறது, அந்தக் காசில் பள்ளிக்கூடங்களுக்கு ஃபைபர் கேபிளும், சுவரளவு தொடுதிரை உள்ள திறன் பலகையும், பிள்ளைகளுக்குக் கணினிகளும் வரப்போகின்றன என்று அதிகாரி சொன்னார். வட்டி குறைவு, கட்டி முடிக்க நீண்ட காலம் உண்டு, ஆனால் பொருட்களை அந்த நாட்டுக் கொம்பனியிடமே வாங்க வேண்டும். நான் எழும்பி, "பழுதானால் ஆர் சேர் திருத்துவினம்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "முதல்லை வரட்டும் சேர்" என்றார் அதிகாரி.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது, பக்கம் பக்கமாக. அவளுடைய பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியர் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர், "ரீச்சர், உங்கடை அவர் எழுதித் தருவாரோ?" என்று அவளிடம் கேட்டுவிட்டார். ஆகவே இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் நானே எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பள்ளிக்கூடத்து மண்டபத்தின் நீள அகலத்தை நான் அளக்க, அவள் நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மின்கம்பி எந்தச் சுவர் வழியாக வர வேண்டும் என்று படம் கீறிக் கொடுத்ததும் நான்தான். அந்த நாட்களில் எனக்கு அது பெருமையாக இருந்தது.

பட்டியல் வந்தது. பிரதான வீதியால் வந்த கேபிள் முதலில் அவர்கள் பக்கத்தைத் தொட்டதால் அவளுடைய பள்ளிக்கூடம் முதற்கட்டத்தில். எங்களுடையது இரண்டாம் கட்டத்தில்.

திறப்பு விழாவுக்கு நானும் போயிருந்தேன். நிறைகுடம் வைத்து, பிள்ளைகள் பாண்ட் வாசித்து, தூதரகத்திலிருந்து வந்த உயரமான ஒருவருக்கு மாலை போட்டார்கள். சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகளும் பதித்த கல். அவளைக் கொழும்புக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பிப் பொறுப்பாசிரியர் ஆக்கியிருந்தார்கள். நீலச் சேலை உடுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையின் வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் அகலப்படுத்தி, அகழி இருந்த இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினாள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. கணினிக் கோப்பு ஒன்றை வேறு இடத்தில் சேமித்து வைப்பதற்குக்கூட நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்த மனுசி அவள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்திலிருந்தவர் இன்னொருவரிடம் என்னைக் காட்டி, "ரீச்சரின்ரை அவர்" என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு அந்த இடத்திலேயே நெஞ்சுக்குள் ஏதோ பிசகியது.

ஆனாலும் எங்கள் முறை வருமென்று இருந்தேன். கொஞ்ச நாளில் வேலையாட்கள் வந்தார்கள். என் வகுப்பறையின் சுவரை வெட்டிக் குழாய் புதைத்து, பலகையைத் தாங்குவதற்கு ஓர் இரும்புச் சட்டத்தை ஆணி முறுக்கிப் பொருத்தி, அறைக்கு இளம்பச்சை நிறம் அடித்தார்கள். "பங்குனிக்குள்ளை வந்திடும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். பங்குனியில் வந்தது பெட்ரோல் வரிசையும் நெடுநேர மின்வெட்டும். பிறகு, வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. கடன் தந்த நாடு மிச்சக் காசை நிறுத்திக்கொண்டது. எங்கள் வேலையாட்கள் ஒரு வெள்ளிக்கிழமை ஏணியையும் விட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை.

வலயத்திலிருந்து வந்த கடிதத்தை எங்கள் அதிபர் இரண்டு தரம் வாசித்தார். "தற்காலிகமாக இடைநிறுத்தம் எண்டுதானே போட்டிருக்கு, சேர்" என்றார். பிள்ளைகள் அந்த இரும்புச் சட்டத்தில் சாப்பாட்டுப் பைகளைக் கொழுவத் தொடங்கினார்கள். என்னிடம் இருந்தவை ஆறு பழைய கணினிகள். மூன்று மட்டும் வேலை செய்தன. ஒரு கணினிக்கு ஏழு பிள்ளைகள். பின்னால் நின்றவர்கள் முன்னால் இருப்பவனின் தலையைத்தான் பார்த்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்து பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லுவாள். எப்போதும் சொல்லுகிறவள்தான், அதில் மாற்றமில்லை. அதைக் கேட்கிற என் காது மாறிவிட்டது. ஒருநாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொலநறுவையின் குளங்களை வானத்திலிருந்து பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே சோறு போட்டாள்.

"உது கடன் வாங்கிப் பூட்டினது. உம்மடை பிள்ளையளின்ரை பிள்ளையள்தான் கட்டி முடிப்பினம்" என்றேன்.

அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு வந்திருந்தால் உப்பிடிச் சொல்லுவியளோ?"

கடனைப் பற்றி எனக்கு அக்கறை இருந்தது பொய்யல்ல. எனக்கு வராத பலகைக்கும் சேர்த்துத்தானே என் சம்பளத்தில் வரி போகிறது என்று தனியே கணக்குப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்டதுதான் சரி. எனக்கு வந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சின்னத்தனங்கள் கூடின. பாடத்துக்குப் படங்கள் அடுக்கித் தரச்சொல்லிக் கேட்டால் தலையிடி என்பேன். அச்சுவேலிப் பக்கம் மின்சாரம் இல்லை என்று கேள்விப்பட்டால் உள்ளே ஒரு குளிர்மை. பலகையின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கொண்டுவந்து, "நேரம் இருக்கேக்கை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று மேசையில் வைத்தாள். நேரமில்லை என்றேன். அவள் கோயிலுக்குப் போயிருந்த பின்னேரங்களில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன், பென்சிலால் கோடு போட்டுப் போட்டு. இல்லாத பலகையின் ஒவ்வொரு பொத்தானும் எனக்குப் பாடம்.

பிறகு நாடு கடன்காரர்களோடு பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. நின்றுபோன வேலைகளைத் தொடங்குமுன், முடிந்த இடங்களைப் பார்க்க அந்த நாட்டு ஆட்கள் வரப்போகிறார்கள் என்று கதை வந்தது. எங்கள் மாவட்டத்தில் அவர்கள் பார்க்கத் தெரிவு செய்தவற்றில் ஒன்று அவளுடைய வகுப்பறை.

அன்று காலை எட்டரைக்கு அவள் தொலைபேசி எடுத்தாள். குரல் பதறியது.

"இஞ்சேருங்கோ, கரண்ட் ஒருக்கால் போய் வந்தது. பலகையிலை வெளிச்சம் எரியுது, ஆனால் தொட்டால் ஒண்டும் அசையுதில்லை. அவை பத்து மணிக்கு வருகினம். என்ன செய்ய?"

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மின்சாரம் போய் வந்தால் சில வேளை தொடுதிரை பூட்டிக்கொள்ளும். கீழே உள்ள இரண்டு பொத்தான்களையும் சேர்த்து ஐந்து விநாடி அமத்திப் பிடித்தால் திறந்துவிடும். கையேட்டில் அந்தப் பந்திக்கு நான் கோடு போட்டிருந்தேன்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? நானோ பயிற்சிக்குப் போனனான்? கொம்பனிக்கு அடிச்சுப் பாரும்" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள். நான் சாப்பாட்டுப் பைகள் தொங்கிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கலாம். பத்து மணி வரைக்கும் நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

பின்னேரம் வந்து, முகம் கழுவிவிட்டு, நடந்ததைச் சொன்னாள். பலகையைத் தாண்டிப் பக்கத்துச் சுவரில் சோக்கால் வரைபடம் கீறிப் பாடம் எடுத்திருக்கிறாள். வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அமைச்சிலிருந்து வந்தவர் பிள்ளைகளுக்கு முன்னால், "ரீச்சர், நீங்கள் பயிற்சிக்குப் போனனீங்கள்தானே?" என்று கேட்டாராம். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "விடும், உவை உப்பிடித்தான்" என்று ஆறுதல் சொன்னேன். செய்தவற்றில் எதை நினைத்து அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், அந்தத் தேத்தண்ணியைச் சொல்லுவேன்.

பத்து நாள் கழித்து எங்கள் அதிபர் வலயத்திலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தார். பொருட்களைப் பராமரிக்கத் தெரியாத இடங்களுக்கு இன்னும் அனுப்புவதா என்று வந்தவர்கள் யோசிக்கிறார்களாம். "எங்கடை தலைவிதி, சேர்" என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் மீசாலையால் திரும்பி, அங்குள்ள உப்புவெளி நீளத்துக்கும் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். அவளை விழுத்தப் போய் என் பிள்ளைகளின் பலகையையும் நானே தடுத்துவிட்டேனோ என்ற நினைப்புக்கு விடையே இல்லை.

வீட்டில் அவள் கையேட்டோடு இருந்தாள். பழுதைப் பதிய, பலகையின் இலக்கத்தைக் கொம்பனி கேட்டிருந்ததாம். அதைத் தேடித்தான் திறந்திருக்கிறாள்.

"இந்தப் பக்கத்திலை கோடு போட்டது ஆர்?"

அவள் விரல் வைத்திருந்தது அந்தப் பொத்தான் பந்தியில்; அவளுக்கு ஆங்கிலம் அந்தளவுக்கு விளங்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விழாவில் கடைசி வரிசையில் இருந்ததிலிருந்து, அன்று காலை நடந்தது வரைக்கும். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"நான் உங்களுக்குப் பெருமை காட்டினனானோ?"

"இல்லை. நீர் ஒண்டும் செய்யேல்லை. எனக்குத்தான் பொறுக்கேல்லை."

அந்தக் கிழமை முழுக்கத் தேங்காய் முடிந்தது, காஸ் முடிந்தது என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. சனிக்கிழமை காலை நானாகவே அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் போவோம் என்றேன். அவள் அதுவரை தொடாமலே விட்டிருந்த பலகையின் இரண்டு பொத்தான்களையும் அமத்தினேன். திரை அசைந்தது. "உவ்வளவுதானோ?" என்றாள். கோபத்தைவிடச் சலிப்புத்தான் அந்தக் குரலில் இருந்தது. வெளியே வந்து கதவைப் பூட்டும்போது, "உங்கடை ஓ.எல். பிள்ளையளைச் சனிக்கிழமையிலை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. அதிபரிட்டை நான் கேக்கிறன்" என்றாள்.

பெற்றோர் ஒரு வான் பிடித்துத் தந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பதினொரு பிள்ளைகள். நான் இரண்டு மணித்தியாலம் படிப்பித்தேன், என் வாழ்நாளில் நன்றாகப் படிப்பித்த பாடம் அதுதான். முடிவில் பிள்ளைகள் கேட்டதற்காக அவள் பத்து நிமிடம் கோட்டையின் படத்தைக் காட்டினாள். வானில் திரும்பும்போது ஒரு பிள்ளை என்னிடம், "சேர், ரீச்சர் எங்கடை பள்ளிக்கூடத்துக்கு மாறி வரமாட்டாவோ?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் சொல்லி மன்னிப்பும் கேட்ட பிறகும் அது போகவில்லை.

போன மாதம் புதுப் பட்டியல் வந்தது. கடன் காசு மறுபடி விடுவிக்கப்பட்டிருக்கிறது, தொகை முன்னையதைவிடக் குறைவு. எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது, கடைசியிலிருந்து மூன்றாவதாக. அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவள், "எங்கடை அவருக்கு வந்திட்டுதாம்!" என்று ஆசிரியர் அறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள். பின்னேரம் நான் வருமுன் கேசரி கிண்டி வைத்திருந்தாள். முகத்தில் வேறொன்றும் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவளுக்கு வந்தபோது எனக்கு ஒரு நாள்கூட முடியாததை அவள் கேசரி கிண்டிக்கொண்டே செய்துவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

"உங்கடை அறைக்குள்ளை எத்தினை பிள்ளையள் இருக்கலாம்?" என்று கேட்டாள்.

"இருபத்தைஞ்சு. நெருக்கினால் முப்பது."

"அப்ப நெருக்குங்கோ" என்று இன்னும் ஒரு கரண்டி கேசரி வைத்தாள்.