தபீதாள் கொடுத்த அரை டம்ளர்

சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்த குடியர் மீட்பு இல்லத்தில் தபீதாள் நான்கு வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேச்சு குறைவு. முப்பத்தாறு வயதில் அங்கிருந்த அத்தனை ஆண்களுக்கும் அவள் ஆயா, அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட. சம்பளத்தோடு சமையலறைக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். புருஷன் லாசரஸ் இறந்து, செம்பாக்கத்து வாடகை வீட்டையும் காலி செய்த பிறகு, அவள் சாத்திக்கொள்ள இருந்த ஒரே கதவு அதுதான்.

இல்லத்தை நடத்திய ஹில்டா அம்மா சட்டங்களை ஓர் அட்டையில் எழுதிக் கூடத்தில் மாட்டியிருந்தார். நாற்பது நாள் தங்க வேண்டும். இடையில் குடித்தால் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. மறைத்தால் வெளியே. கொடுத்தவர் யாராக இருந்தாலும் வெளியே. இந்தக் கடைசிச் சட்டத்தின்படி வாட்ச்மேன் ரங்கன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போனதைத் தபீதாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

மனோதத்துவம் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகள் பட்டணத்திலிருந்து இரண்டு மாதப் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களும் தங்கள் பழக்கத்தில் ஒன்றை நாற்பது நாள் விட வேண்டும் என்பது ஹில்டா அம்மாவின் ஏற்பாடு. அவர்களும் கூட்டத்தில் எழுந்து நாள் சொல்ல வேண்டும், அதே சட்டங்கள்தான். ஒரு பையன் மூக்குப்பொடியை விட்டான். பியூலா என்று ஒரு பெண் ஊறுகாயை விட்டாள். இருபத்தாறாம் நாள் அழுதாள்.

1972-ல், சாராயக்கடைகள் திறந்த மறுவருஷம், சத்தியநாதன் வந்தான். காப்பியை விட்டான்.

இல்லத்து ஆட்கள் இதை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்டார்கள். சத்தியநாதன் நோட்டைத் திறந்து கேள்வி கேட்டால், கோவளத்து மீனவர் கோதண்டம் பதில் சொல்லிவிட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

“மொத மொத எத்தினி வயசுல சார் குட்ச்சீங்க?”

“ஏழு இருக்கும்.”

“அட கடவுளே. யார் குடுத்தது?”

“எங்க அம்மா.”

கோதண்டம் உச்சுக்கொட்டினார். “அப்பாருக்கும் இந்தப் பழக்கம் கீதா?”

“அவரு ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர்.”

“ரத்தத்துலயே கீது. பேஜார்தான் சார் ஒங்களுக்கு.”

ஒருநாள் கோதண்டத்தின் வாயில் கிராம்பு மணந்தது. பல்வலி என்றார். சாராய வாடையை மறைக்கத்தான் கிராம்பு என்று சத்தியநாதன் படித்திருந்தான். ‘நம்பத் தகுந்தவர் அல்ல’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு, கூட்டத்தில் வாசித்தும் காட்டினான். அன்று அவருக்கு உண்மையிலேயே பல்வலி. தபீதாள்தான் கிராம்பு கொடுத்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை சத்தியநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றான். ஹில்டா அம்மாவுக்காக டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தது. இல்லத்திலேயே காப்பி அவர் ஒருவருக்குத்தான், மற்றவர்களுக்கு டீ. அவன் முதலில் தண்ணீர் கேட்டான். பிறகு நேற்றைய ரசத்தைப் புகழ்ந்தான். பிறகு தலைவலி என்றான். கண் முழுக்க ஃபில்டரின் மேல் இருந்தது. லாசரஸும் முதலில் தண்ணீர்தான் கேட்பார்.

“அக்கா, அரை டம்ளர். இன்னிக்கு மட்டும்.”

நான்கு வருஷத்தில் அவளை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அரை டம்ளர் கொடுத்தாள்.

மறுநாளும் இன்றைக்கு மட்டும்தான். அதற்கு மறுநாளும். குடித்துவிட்டு டம்ளரை அவனே கழுவி, வேறு இடத்தில் கவிழ்த்து வைத்தான். அஞ்சறைப்பெட்டியில் கிராம்பு குறைந்துகொண்டே வந்தது.

இருபதாம் நாள் சனிக்கிழமை. கோதண்டம் எழுந்து, “முப்பத்தி மூணு” என்றார். சத்தியநாதன் எழுந்து, “இருபது” என்றான்.

அவன் உட்கார்ந்ததும் கோதண்டம் மூக்கை உறிஞ்சினார். “இன்னா சார், கிராம்பு வாசனை?”

“பல்வலி.”

யாரும் சிரிக்கவில்லை.

“நான் பல்வலின்னப்போ நோட்டுல எழுதிகினியே. ஒன்னை நான் எதுல சார் எழுதறது?” கோதண்டம் துண்டை உதறித் தோளில் போட்டார். “என் பொய் தாங்காமத்தான் இங்க வந்தேன். அடுத்தவன் பொய்யும் கேக்கணும்னா கடையாண்டயே குந்திகினு கேப்பேன். நான் வரேம்மா.”

வாசலில் டீத் தட்டோடு தபீதாள் நின்றிருந்தாள். நகர்ந்து வழி விட்டால் அவர் பஸ் ஸ்டாப் பக்கத்துச் சாராயக்கடைக்குப் போவார். வாயைத் திறந்தால் அவள் போக வேண்டும். எங்கே என்று தெரியாது.

“ஒன்பது நாள்” என்றாள்.

“என்ன ஒன்பது நாள்?” என்றார் ஹில்டா அம்மா.

“நான்தாம்மா சாருக்குக் காப்பி குடுத்தேன். காலையில அரை டம்ளர்.”

ஹில்டா அம்மா அட்டையைப் பார்த்தார். “சட்டம் தெரியும் இல்ல?”

“தெரியும்மா. குடுத்த அன்னிக்கே படுக்கையைச் சுருட்டி வெச்சுட்டேன். இன்னும் பிரிக்கல.”

“ஏன் குடுத்தே?”

“கேட்டாங்க.” தட்டை இறக்கி வைக்காமலே சொன்னாள். “கேட்டா குடுக்காம இருக்கத் தெரியலம்மா. வீட்டுக்காரருக்கும் நான்தான் சாராயம் வாங்கியாந்து குடுப்பேன், ஏரிக்கரைக் கோரைக்குள்ள போயி. குடிச்சா தூங்கிடுவாரு. தூங்கினா அடி இல்ல. பதினோரு வருஷம் நானே குடுத்தேன்.”

சத்தியநாதனின் கை பழக்கத்தில் நோட்டைத் திறந்தது. பிறகு மூடியது. அவன் எழுந்து நின்றான். “அக்கா சொல்றது உண்மை. ஒன்பது நாள்.”

கோதண்டம் போகவில்லை. தபீதாளிடமிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிவந்து உட்கார்ந்தார். “எந்திரிச்சி சொல்லிட்டா குட்ச்சவனுக்கு மறுபடியும் மொத நாளு. குடுத்தவங்களுக்கு மட்டும் தெருவாம்மா? அதுவும் நோவுதானே?”

ஹில்டா அம்மா அட்டையை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தபீதா, நாளைக்கு உனக்கு முதல் நாள்” என்றார். “சத்தியநாதன், உனக்கும்.”

அடுத்த சனிக்கிழமை கோதண்டம், “நாப்பது” என்றார். அவரைக் கூட்டிப்போக மனைவி அங்காளம்மா வந்திருந்தாள். சத்தியநாதன், “ஏழு” என்றான். எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். தபீதாள் தரையைப் பார்த்து, “ஏழு” என்றாள். கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை சொன்னாள்.

“இவங்க இன்னாத்த வுட்டாங்க?” என்று அங்காளம்மா கேட்டாள்.

“குடுக்கறத” என்றார் கோதண்டம்.

அங்காளம்மா தபீதாளைப் பார்த்தாள். “நானும் குடுத்தவதான்” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் ஏற வேண்டிய கோவளம் பஸ் போயிற்று.

அதற்குப் பிறகு பயிற்சிக்கு வருகிறவர்களை ஹில்டா அம்மா முதல் வாரம் சமையலறைக்குத்தான் அனுப்பினார். வெங்காயம் உரித்துக்கொண்டே தபீதாளிடம் கேட்டு எழுத வேண்டும். அவள் ஒரு மணி நேரத்துக்கு நான்கு வரி சொல்வாள். அடுத்து வந்த ஞானஜோதி சர்க்கரையை விட்டிருந்தாள். ஒன்பதாம் நாள் காலை வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டாள். ரசம் பிரமாதம் என்றாள். கண் சர்க்கரை டப்பாவின் மேல் இருந்தது.

“அக்கா…”

தபீதாளுக்கு அன்று நூற்றுப் பதினான்காம் நாள். டப்பாவை எடுத்து மேல் பலகையில் வைத்தாள். பானையில் மொண்டு ஒரு டம்ளர் நிறைய நீட்டினாள்.

“தண்ணி கேட்டியேம்மா” என்றாள்.