சீல் இல்லாத மெசேஜ்

காலையில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மணலியில் என் மருந்துக்கடைக்கு அன்வர் பாய் மூச்சிரைக்க வந்தார். டீசல் டேங்கர் லாரி ஓட்டுகிறவர், ஆஸ்துமாக்காரர். இன்ஹேலரை நிறுத்தி ஒரு வாரமாம்.

"அத்த இழுத்தா நுரையீரல் சுருங்கிடுமாம்மா. எங்க டிரைவர் குரூப்ல வந்துகீது."

"யார் எழுதினது?"

"பேரு இல்ல. நம்ம ஆளுங்கதானே போட்டாங்க?"

"பாய், சீல் வைக்காத டேங்கரை எடுத்துகினு போவீங்களா?"

"அதெப்டிமா? மூடி சீல் நம்பரை பில்லோட சரி பாக்காம டெப்போ கேட்டத் தாண்ட மாட்டேன்."

"டீசலுக்கு இருக்கிற மரியாதை உங்க நெஞ்சுக்கு இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

பக்கத்து கிளினிக்குக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவர் மூச்சைச் சீராக்கினார். பிறகு, 'கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்' என்று தன் பெயரும் பதிவு எண்ணும் போட்டு எழுதிக் கொடுத்தார். பாய் அதைப் படம்பிடித்து அங்கேயே குரூப்பில் போட்டார்.

உடனே ஒரு பதில் வந்தது: "யாரு பாய் இந்த டாக்டரு? இத்த நம்பலாமா?"

பெயரே இல்லாத மெசேஜைப் பார்த்து ஒரு வாரமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி!

இப்போதாவது கேட்டார்களே என்று சந்தோஷப்படவா, போனைத் தூக்கிப் போட்டு உடைக்கவா? நீங்களே சொல்லுங்கள்.