மாட்டை எங்கே கட்டினார்கள்?

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தின மாலையில் தாழ்மையைப் பற்றிப் பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதிலிருந்தே என் தாழ்மை எப்பேர்ப்பட்டது என்று தெரிந்திருக்கும். கொல்லிமலையில் எங்களுக்கு ஒரு சின்னக் கோவில்; அதற்கு நான் உபதேசியார். சாமியார் அடிவாரத்திலிருந்து மறுநாள் காலையில்தான் பூசைக்கு வருவார். அதனால் முந்தின நாள் செபமும் பேச்சும் என் ராஜ்ஜியம். பிள்ளை பெற மாதாவுக்கு இடம் தராத சத்திரக்காரனை இருபது வருடமாகத் திட்டித் திட்டியே பெயர் வாங்கியவன் நான்.

போன வருடம் அட்டைக் குடில் அலுத்துப்போய், நிஜ மாட்டுக் கொட்டகையிலேயே குடில் வைத்தால் என்ன என்று தோன்றியது. மாலைச் செபத்துக்கு அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கமிருந்து இரண்டு வேனில் ஆட்கள் வருவதாக இருந்தார்கள். அவர்கள் படம் எடுத்து அனுப்பினால் கீழே பத்து ஊரில் என் பெயர் அடிபடும் என்ற ஆசையும் இருந்தது. பக்கத்து வீட்டு விவசாயியிடம் கேட்டேன். மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், ஒரே ஒரு பசு வைத்திருந்தார். எங்கள் கோவிலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சாமி காரியம்தானே, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மனைவி மட்டும் பசுவைத் திரும்பிப் பார்த்தார். அது நிறைசினை. நானும் பார்த்தேன். இன்னும் பத்து நாள் தாங்கும் என்று எனக்கு நானே மாட்டு டாக்டர் ஆகிக்கொண்டேன்.

திருநாளுக்கு முந்தின நாள் காலை குடில் வைக்கப் போனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணவனும் மனைவியும் தரையைச் சாணம் போட்டு மெழுகி, சுவருக்குச் செம்மண் பூசி, கோலமும் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியதோ ஏழ்மை. மூலையில் கொஞ்சம் ஒட்டடையாவது விட்டிருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளை பிறக்கிற இடத்தை யாராவது அப்படி விடுவார்களா என்று விவசாயி கேட்டார். வேறு வழியில்லாமல் நானே வைக்கோலைக் கலைத்துப் போட்டு ஏழ்மையைச் சரிசெய்தேன்.

மாதா, சூசையப்பர், பாலன் இயேசு சொரூபங்களை வைத்தபடியே அந்த அம்மாவுக்குக் கதை சொன்னேன். ஊரில் ஒரு இடத்திலும் இடமில்லை, வந்தவளோ நிறைமாதக்காரி, கடைசியில் கொட்டகைதான் கிடைத்தது என்று உருக்கமாகவே சொன்னேன்.

"அப்ப மாட்ட எங்கீங்க கட்டுனாங்க?" என்றார்.

இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மாடுகளும் உள்ளேயேதான் இருந்தன, மூச்சுக்காற்றால் குழந்தைக்குச் சூடு கொடுத்தன என்றேன். நல்ல கேள்வி என்று பாராட்டினேன். என் எட்டுப் பக்கப் பேச்சின் ஓரத்தில் அதைக் குறித்தும் வைத்தேன். வெளியே பலாமரத்தடியில் பசுவைக் கட்டியிருந்தது என் மண்டையில் ஏறவேயில்லை.

மூன்று மணிக்குப் பனிமூட்டமும் தூறலும் சேர்ந்து இறங்கின. குடிலுக்கு விளக்குப் போடப் போனேன். மரத்தடியில் அவர்கள் இருவரும் பசுவின் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பசு படுப்பதும் எழுவதுமாக இருந்தது. கன்று வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. போன ஈத்தில் கன்று குளிரில் விறைத்துச் செத்துப்போனதை அப்போதுதான் விவசாயி சொன்னார். ஏன் உள்ளே ஓட்டவில்லை என்று கேட்டேன்.

"சாமிக்குன்னு உட்ட எடமுங்க. பூசை முடியாம நாங்களா எப்படிங்க திருப்பி எடுக்கறது?"

அந்த அம்மா நனைந்த கையால் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்போது நான் முதலில் செய்த காரியம் கடிகாரத்தைப் பார்த்தது. ஐந்து மணிக்கு வேன் வந்துவிடும், படம் எடுக்கிறவரைக்கும் பசு பொறுத்துக்கொள்ளாதா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கூட இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பிறகுதான் வெட்கம் வந்தது. உள்ளே ஓடி மாதாவை ஒரு கக்கத்திலும் சூசையப்பரை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, பாலனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பசு உள்ளே போனது. அரைமணி நேரத்தில் கிடாரிக்கன்று பிறந்து, நான் கலைத்துப் போட்ட வைக்கோலில் எழுந்து நிற்கப் பார்த்தது. வேனில் வந்தவர்கள் கன்றைத்தான் படம் எடுத்தார்கள். சொரூபங்களைக் கோவிலுக்குள் வைத்து, நான் செபத்தை மட்டும் சொல்லி முடித்தேன். சத்திரக்காரனைப் பற்றிப் பேச அன்றைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பூசை முடிந்து எல்லாரும் போனபின் அந்த அம்மா கோவில் வாசலுக்கு வந்தார். கன்று குடித்த மிச்சத்தில் காய்ச்சிய சீம்பால், வெல்லம் போட்டு ஒரு டம்ளரில். எங்கள் சாமிக்குப் படையல் வைக்கிற வழக்கமில்லை என்று நான் ஆரம்பித்தேன்.

"சாமிக்கில்லீங்க. பெத்தவளுக்கு" என்றார்.

விண்மீனைப் பற்றியும் இடையர்களைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பிள்ளை பெற்ற அன்றைக்கு மாதா என்ற அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிட்டாளா என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. டம்ளரை வாங்கி மாதாவின் காலடியில் வைத்தேன். சூடாகத்தான் இருந்தது.