பாகானினிக்குத் தேவிப்ரியா போட்ட சங்கதிகள்

வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுக்கும் தேவிப்ரியாவுக்குப் பௌர்ணமி வந்தால் நிம்மதி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே மடக்கிவிடுவார்கள். டியூஷனுக்கு ஒரு பிள்ளையும் வராது. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, இவள் சமையலை முடித்துக் கதவைச் சாத்திக்கொண்டு பாகானினியைச் சுற்றுவாள்.

பாகானினி இருநூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலி வயலின் வித்வான். அவருடைய மெட்டு ஒன்று உண்டு. ஒரு முறை கேட்டால் யாரும் முணுமுணுத்துவிடலாம், அவ்வளவு சின்னது. அதை எடுத்து வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆட்களெல்லாம் விதவிதமாக மாற்றி எழுதிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை மேல்நாட்டு இசைத் தேர்வுக்குத் தயார் செய்யும்போது தேவிப்ரியா அந்த மெட்டைப் போனில் போட்டுக் கேட்டாள். இத்தனை பேர் எழுதிவிட்டார்கள், கர்நாடக சங்கீதத்தில் தோடி படித்த ஒருத்தி எழுதவில்லையே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நியாயமான திமிர்தான்.

வருஷக்கணக்கில் எழுதினாள். ஒன்றில் மெட்டு ஓடும், ஒன்றில் நொண்டும். ஏழாவதில் மட்டும் எல்லாம் நின்றுபோய்க் காந்தாரம் என்கிற அந்த ஒரு ஸ்வரம் தனியாக அசையும். அந்த அசைவுக்காக மேல்நாட்டு ஸ்வரக் குறியின் தலையில் ஒரு வளைகோடு போட்டாள். அதை முதன்முதலாக வாசித்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் வில்லைக் கீழே வைக்கவில்லை.

சுத்தமாகப் படியெடுத்து, முதல் பக்கத்தில் 'பாகானினி' என்று மட்டும் எழுதினாள். கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் அவள் கணவர் ராமகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

"உன் பேரு எங்க?"

"மெட்டு அவருதுங்க. நான் சங்கதிதான போட்டிருக்கேன்."

"எங்க ஆபீஸ்ல கையெழுத்து இல்லாம ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்க மாட்டோம்."

அவள் சிரித்தாள். இசைப் பள்ளியில் அவள் பாடம் பண்ணிய கிருதிகளில் ஒவ்வொரு வரிக்கும், அதையே மாற்றி மாற்றிப் பாட, சங்கதி மேல் சங்கதியாக இருந்தது. சிஷ்யர்கள் யார் யாரோ சேர்த்தவை. எல்லாம் கிருதி செய்தவர் கணக்கில்தான் போகும். பேர் கேட்பது அசிங்கம் என்று அவள் உடம்பிலேயே ஊறியிருந்தது.

பள்ளிக்கு மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்த அருண்பிரசாத் அதைப் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் எடுத்துக்கறேன் மேடம்" என்றான். எடுத்துக்கொண்டான். வேலையை விட்டுப் போன மறு வருஷம் புத்தகம் வந்தது, பளபளவென்று. 'பாகானினி மெட்டில் வேறுபாடுகள். எழுதியவர்: அருண்பிரசாத்.'

அவள் போன் செய்தாள்.

"உங்களுதா மேடம்? பேரே போடலியே நீங்க. ஏதோ பழைய புக்குல இருந்து எடுத்து எழுதினதுன்னு நெனச்சேன். நானும் நெறைய திருத்தியிருக்கேன். அடுத்த பதிப்புல நன்றினு கீழ போட்டுடறேன்."

அடுத்த பதிப்பும் வந்தது. நன்றியைக் காணோம். ராமகிருஷ்ணன் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

இந்த வருஷம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் வாசிப்பதற்கென்று பள்ளியே அந்தப் புத்தகத்தை வாங்கி அவள் மேஜையில் வைத்தது. முன்னாள் ஆசிரியர் எழுதியதாம், பள்ளிக்குப் பெருமையாம். அவள் ஏழாவதைத் திருப்பினாள். வளைகோடு இல்லை. அவன் திருத்தியது அதைத்தான். காந்தாரம் மொட்டையாக நின்றது.

வகுப்பில் அந்த இடத்தை மட்டும் தன் வழியில் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலமே ஒரு பெண்ணின் அம்மா போன் செய்தாள்.

"மிஸ், புக்குல ஒரு மாதிரி இருக்கு, நீங்க வேற மாதிரி சொல்லித் தர்றீங்களாம். எழுதினவரவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமாங்க?"

எழுதியது தான்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எதைக் காட்டுவாள்? வீட்டிலிருந்த பிரதியிலும் பாகானினியின் பேர்தானே இருந்தது, அதுவும் அவள் கையெழுத்திலேயே.

"இல்லீங்க. புக்குல இருக்கற மாதிரியே சொல்லிக் குடுத்துடறேன்."

மறுநாள் வகுப்பில் அந்தக் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தித் தானே வாசித்துக் காட்டினாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு. எழுதினவர் இப்படித்தான் போட்டிருக்கார்."