பொத்தானை அழுத்தும் முன் சுலோஜனா கேட்பது

சுலோஜனாவுக்கு வயது நாற்பத்தாறு. ஊர் கப்பல்துறை. துறைமுகக் குடாவின் கரையில் உள்ள ஒரு சிறிய ஐஸ் ஆலைக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலைக்குத்தான் முதலில் போனார். அங்கே ஐஸ் நொறுக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர் கட்டாருக்குப் போனதும், அந்த இடம் இவருக்கு வந்தது. இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. "பொம்பிளையோ மெஷினுக்கு?" என்று முதல் கிழமை சிரித்த படகுக்காரர்கள், இரண்டாம் மாதமே "சுலோக்கா, எங்கட படகுக்கு முதல் விடுங்கோ" என்று கெஞ்சத் தொடங்கிவிட்டார்களாம்.

ஐஸ் பாளங்கள் பலகையில் சறுக்கி வந்து ஓர் இரும்புத் தொட்டிக்குள் விழும். உள்ளே பற்கள் வைத்த உருளை ஒன்று சுழன்று அவற்றை நொறுக்கும். நொறுங்கிய ஐஸ் குழாய் வழியாகப் படகுக்குப் போகும். தண்ணீர் தெறிக்காமல் இருக்க, மெஷினின் பொத்தானைச் சுவருக்கு மற்றப் பக்கத்தில், ஒரு சிறிய அறைக்குள் வைத்திருந்தார்கள். பாளம் சிக்கினால் சுலோஜனா மெஷினை நிற்பாட்டுவார். கின்னியாவிலிருந்து வேலைக்கு வரும் முனாப், தடியால் குத்தி, மிச்சத் துண்டுகளைக் கையால் இழுத்தெடுப்பார்.

பிறகு சுலோஜனா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவார்: "கை வெளியிலயோ?"

"ஓம்!"

உடனே பொத்தான். கடல் அமைதியான மாதங்களில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை இது நடக்கும்.

போன சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமையில் ஒரு காலை, பாளம் சிக்கியது. அவர் கேட்டார். "ஓம்" வந்தது. அழுத்தினார். சிக்கிய துண்டு இன்னும் பற்களுக்கு இடையிலேயே இருந்ததால், உருளை அசைய முன்னமே மோட்டர் உறுமி ட்ரிப்பாகி நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், முனாப் ஈர நிலத்தில் குந்தியிருந்தார். வலது கை முழங்கைவரை குளிரில் சிவந்திருந்தது. பொத்தானை அழுத்தியபோது அவ்வளவும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

"ஏன்டா ஓமெண்டனீ?"

"நான் சொல்லல்ல அக்கா. அல்லாஹ் அறிய, வாயே திறக்கல்ல."

"நீதான் சொன்னனீ. நான் பக்கத்தில நிண்டனான்" என்றார் பாளம் தள்ளும் தர்சன்.

முனாப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்பவரின் முகம் அப்படி இருக்காது என்று சுலோஜனா என்னிடம் சொன்னார்.

மனேஜர் இராசதுரை வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்டும் நடக்கேல்லைத்தானே. வெளியில மூண்டு படகு நிக்குது."

"பொத்தானைத் தொட்டிப் பக்கம் மாத்தித் தாங்கோ ஐயா. நான் பாத்து அமத்துறன்."

"மேலிடத்துக்கு எழுதியிருக்கு. கொஞ்ச நாள் போகும்."

"அதுவரைக்கும்?"

"வடிவாக் கேட்டு அமத்துங்கோ. ஏலாதெண்டால் சொல்லுங்கோ, வேற ஆளைப் போடுறன்."

வேறு ஆள் வந்தால் பொறுக்காமல் இன்னும் கெதியாக அழுத்துவார் என்பது சுலோஜனாவுக்குத் தெரியும். அதனால் "ஏலாது" என்று சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க ஒவ்வொரு தடவையும் சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தே அழுத்தினார். படகுகள் பின்னேரம்வரை காத்து நின்றன.

அடுத்த நாள் காலை, அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது கணவர் தொலைபேசியில் கேட்டார். "அடுப்புக் கேஸ் பூட்டினீரோ?"

"ஓம்."

பஸ் வந்தது. ஏறக் காலை வைத்தவருக்கு, தான் அடுப்படிக்குப் போனதே நினைவில் இல்லை. இறங்கி வீட்டுக்கு நடந்தார். கேஸ் பூட்டித்தான் இருந்தது. இருந்தும் அவர் குசினியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். தான் சொன்ன "ஓம்" கேஸைப் பார்த்துச் சொன்னதல்ல. கேள்வி கேட்கப்பட்டதால் வந்தது.

மூளை சிக்கனமானது. ஒரு கேள்விக்கு நூறு தடவை ஒரே பதில் சரியாக இருந்தால், நூற்றோராவது தடவை அது கண்ணையும் கையையும் விசாரிக்காமல் பழைய பதிலையே வாய்க்கு அனுப்பிவிடும். சொன்னவருக்குத் தான் சொன்னதே தெரியாமல் போகலாம். இது கவனமில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. வேலை நன்றாகப் பழகியவர்களுக்கே கூடுதலாக நடக்கும். சுலோஜனா இதை எங்கும் படிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று கண்டுபிடித்தார்.

அன்று பாளம் சிக்கியபோது கேள்வி வேறாக இருந்தது.

"முனாப், கையில என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "தடி அக்கா."

அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. தன் கையைப் பார்க்காமல் முனாப்பால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது என்று நினைத்தார். பதினோராவது நாள், கேள்வி முடிய முன்னரே "தடி" என்று பதில் வந்தது. சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். தடி சுவரில் சாய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி. "இடது கை எதைத் தொடுது?" "எத்தினை விரல் ஈரம்?" "எந்தக் கை மேல இருக்கு?"

"அக்கா, ஐஸ் தாறியளோ, சோதினை வைக்கிறியளோ?" என்று படகிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஓ எல் சோதினையில கூட எனக்கு இவ்வளவு கேள்வி வரல்ல" என்றார் முனாப்.

"அதுதான் நீ பெயில்" என்றார் தர்சன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், பாளம் சிக்கி மெஷின் நின்றிருக்க, இராசதுரை பொத்தான் அறைக்குள் நின்று ஒரு படகு முதலாளியுடன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். "இந்தா, இப்பத் தொடங்குது" என்று அவருக்கு வாக்குக் கொடுத்தபடியே சுலோஜனாவுக்குக் கையைக் காட்டினார்.

"முனாப், வலது கை எதைப் பிடிச்சிருக்கு?"

பதில் இல்லை.

"அமத்துங்கோ" என்றார் இராசதுரை.

சுலோஜனா பொத்தானிலிருந்து விரலை எடுத்து, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பொறுங்க அக்கா" என்று முனாப்பின் குரல் வந்தது. தன் கையை இப்போதுதான் கண்ணால் கண்டவரின் குரல். "கை உள்ளுக்க கிடக்கு."

இராசதுரை தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். மற்ற முனையில் முதலாளி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். மனேஜர் சுவரைச் சுற்றிப் போய், முனாப் தன் கையை மெதுவாக வெளியே எடுப்பதைப் பார்த்தபடி நின்றார். இந்த முறை மேலிடத்துக்கு எழுதிக் காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே மின்வேலைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

இப்போது பொத்தான் தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு சாவி உண்டு. சாவியைக் கழற்றினால் மெஷின் ஓடாது. முதல் நாள் முனாப் அதைக் கழற்றி, மரியாதையாகச் சுலோஜனாவிடம் நீட்டினார்.

"என்னட்ட ஏன் தாறாய்?" என்றார் அவர். "உள்ள போறது உன்ர கைதானே."

முனாப் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தார்.