நெட்வொர்க் அறையில் இரண்டு கொம்புகள்

அந்த சென்சார்களை ஒவ்வொன்றாகச் சொருகியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் என் கணவரிடம், "கம்பெனியில் என்னை வேவு பார்க்கிறார்கள்" என்று அழுதேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அதெ மாட்டுனது ஆரு?"

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஐ.டி. பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்பதால் இன்டர்காம் பேசாவிட்டாலும் துணி வெட்டும் கட்டிங் பிரிவில் வைஃபை எடுக்காவிட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். மகள் பிறந்து விடுப்பு முடிந்து திரும்பியபோது அவளுக்கு ஆறு மாதம். எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். பவுடர் பால் கொடுத்த நாளெல்லாம் வயிற்றால் போனது. டாக்டரம்மா எடை அட்டையில் பேனாவால் தட்டி, "இந்தக் கோடு ஏறணும். முடிஞ்ச வரைக்கும் உங்க பாலே குடுங்க" என்றார். முடிந்த வரைக்கும் என்றால் எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கம்பெனியில் 'தாய்ப்பால் ஊட்டும் அறை' என்று ஒரு பலகை உண்டு. கதவைத் திறந்தால் சாம்பிள் அட்டைப்பெட்டிகள் கூரைவரை நிற்கும். ஆடிட் வரும் வாரம் மட்டும் பெட்டிகள் வெளியே போகும், ஒரு நாற்காலியும் திரையும் உள்ளே வரும். ஆடிட் போனதும் பெட்டிகள் திரும்ப வந்துவிடும். இதில் யாரும் ஒளித்து மறைத்துச் செய்வதாக நினைப்பதில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல அதுவும் ஒரு வேலை.

அதனால் நெட்வொர்க் அறைக்குப் போனேன். உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் ஒரே அறை அது. கேமராக்களின் பதிவெல்லாம் அங்கேதான் சேரும், ஆனால் அறைக்குள் கேமரா கிடையாது. ரவுட்டர், இன்டர்காம் பெட்டி, ஃபைபர் பெட்டி எல்லாம் இரும்பு அலமாரியில் மினுக்கிக்கொண்டிருக்கும். பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும், டீ இடைவேளையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பால் எடுப்பேன். என் பால் எடுக்கும் மிஷினின் பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் போட்டால்தான் ஓடும். கரண்ட் போனாலும் யு.பி.எஸ். இருப்பதால் அங்கே நிற்காது. எடுத்த பாலை ஐஸ் பையோடு சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுபோவேன்.

அந்த அறைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று துப்புரவு வேலை பார்த்த அக்காவிடம். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசு எங்கும் பறக்கும். பெட்டிகளின் சின்னச் சின்ன ஃபேன்களில் போய் அடைந்துகொள்ளும். அடைத்தால் பெட்டி சூடாகும், ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும், கடைசியில் படுத்துவிடும். அதற்காக அக்கா தினமும் பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் காய்ந்த பிரஷ்ஷால் தூசு தட்ட வருவார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இருபது வருடம் முன்னால் பிழைக்க வந்தவர். முதல் நாள் நான் தாழ்ப்பாள் போடுமுன்னே உள்ளே வந்துவிட்டவர், என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டார். யாராவது வந்தால் அவர் குரல் கேட்கும். "உள்ள தூசி தட்டிக் கெடக்கு. பெறகு வாங்க." நான் முடித்துக் கதவைத் தட்டிய பிறகுதான் உள்ளே வந்து உண்மையாகவே தட்டுவார்.

"ஒங்களுக்கு லேட் ஆகலையா அக்கா? டீ ஆறிப்போயிருக்குமே."

"எனக்கென்ன தாயி. ஆறுன டீயக் குடிச்சா அல்சர் வராதாம். எங்க டாக்டரு சொல்லிட்டாரு."

"எந்த டாக்டரு?"

"டீக்கடக்காரருதான்."

ஒருநாள் என் போனில் சார்ஜ் இல்லை என்று புலம்பியபோது தன் பட்டன் போனை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். "இது ஒட்டகம் தாயி. ஞாயித்துக்கெழம ஒரு வாட்டி குடிச்சா அடுத்த ஞாயிறு வரைக்கும் நிக்கும்." அதை நான் மறந்திருந்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சென்சார் வந்தது அந்தச் சமயத்தில். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆண்டுதோறும் அனுப்பும் படிவத்தில் எந்தெந்த மிஷின் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று எழுத வேண்டும். தையல், பாய்லர், ஏ.சி. எல்லாம் எழுதிவிடுவோம். 'தொலைத்தொடர்புச் சாதனங்கள்' என்ற கட்டத்தைக் காலியாக விடுவதே வழக்கம். இந்த முறை காலியாக விடக்கூடாது, இரண்டு மாதம் அளந்து காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். மேனேஜர் என்னை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை பெற்று வந்தபின் என்னிடம் யாரும் முக்கியமான எதையும் கொடுக்கவில்லை.

உள்ளங்கை அளவு வெள்ளைக் கட்டி. சுவர் பாயிண்டில் அதைச் சொருகி, அதன் முகத்தில் பெட்டியின் பிளக்கைச் சொருகினால் போதும். எத்தனை வாட் ஓடுகிறது என்று நிமிடத்துக்கொருமுறை அனுப்பும். என் போனிலும் மேனேஜர் போனிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு தெரியும். ஆறு கட்டிதான் வந்தது, பெட்டிகள் ஏழு. அதனால் இன்டர்காம் பெட்டியும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்திருந்த எக்ஸ்டென்ஷன் போர்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே சென்சாரை மாட்டினேன். முப்பத்தொரு வாட். யாரும் பேசாத ஞாயிற்றுக்கிழமையும் முப்பத்தொன்றுதான். பேசினாலும் பேசாவிட்டாலும் அது தின்பது ஒன்றே என்று கண்டுபிடித்து, அதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாட்டினேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, அதே எக்ஸ்டென்ஷன் போர்டில், வழக்கமான ஓட்டையில், என் மிஷினைச் சொருகினேன்.

கை பழகிய இடம். அதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை. கரண்ட் படித்தவள், நானே மாட்டிய சென்சாருக்குப் பின்னால் என் மிஷினைப் போட்டு, ஒன்பது நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது கோட்டை அல்ல, பாட்டிலில் எத்தனை மில்லி என்பதை.

பத்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேசாத மனிதர். தன் போனை என் பக்கம் திருப்பினார்.

"ஏனுங்க அம்மிணி, மத்ததெல்லாம் பைபாஸ் ரோடாட்டம் நேரா போகுது. இது ஒண்ணுக்கு மட்டும் வெள்ளாட்டுக்காட்டம் ரெண்டு கொம்பு மொளைச்சிருக்குது?"

பக்கத்தில் நின்ற புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "பதினொண்ணு, மூணரை. டீ டைமுங்க சார். பொட்டியும் டீ குடிக்குதாட்ட இருக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது என் மிஷின் என்று அந்த நொடியில்தான் புரிந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு ஆண்கள் முன்னால் எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

"சென்சார் ஃபால்ட்டா இருக்குங்க சார்."

"புதுசா மாட்டி பத்து நாள்ல ஃபால்ட்டுங்களா? அதும் டீக்கு மட்டும் வர்ற ஃபால்ட்டுங்களா? என்னன்னு பாருங்க. பையர் கேட்டா நாம பதில் சொல்லோணும்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் மிஷினைச் சொருகவில்லை; சென்சார் இல்லாத பாயிண்ட் அந்த அறையில் வேறு இல்லை. கையாலேயே எடுத்தேன். பாதிகூட வரவில்லை, டீ நேரம் முடிந்துவிட்டது. கோடு நேரானது. அது நேரானதே தப்பாகப் போயிற்று.

"பாத்தீங்களா, கேட்டதும் கொம்பு உதுந்துபோச்சு" என்றார் மேனேஜர். "அப்ப ஆளு இருக்குது. அந்த ரூம் சாவி ஆருகிட்டங்க?"

"எங்கிட்ட ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"தூசு தட்டற அக்காகிட்டங்க சார்."

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன்.

அக்காவை வரச் சொன்னார். பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்.

"ஏம்மா, நெட்வொர்க் ரூம்ல செல்லுக்கு சார்ஜ் போட்டீங்களா? அது லட்சக்கணக்குல பொட்டி வெச்சிருக்கற எடம். ஏதாச்சும் ஆச்சுன்னா ஆரு பொறுப்புங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த நூல் கண்டைப் பார்த்தேன்.

"ஆமா சார்" என்றார். "ரெண்டு மூணு தடவ போட்டேன். பழைய போனு, சார்ஜு நிக்க மாட்டேங்குது."

"கேட்டுட்டுப் போட்டிருக்கலாமல்லங்க?"

"தப்புதான் சார்."

அவ்வளவுதான். சத்தம் இல்லை, திட்டு இல்லை. சாவியை வாங்கி மேசையில் வைத்தார். மறுநாள் முதல் அவரை சாமளாபுரம் பக்கம் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்கு மாற்றச் சொன்னார். என்னிடம், "ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதிப்போடுங்க அம்மிணி" என்றார். எழுதினேன். 'அனுமதியின்றி மொபைல் சார்ஜ் செய்யப்பட்டதால் கூடுதல் பளு. சரிசெய்யப்பட்டது.' அந்தக் கோட்டில் ஏறியிருந்தது பதினோரு வாட். பட்டன் போன் அதில் கால்வாசிகூட எடுக்காது. அந்த அலுவலகத்தில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் கேட்டில் அவரைப் பிடித்தேன். "அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னத்தச் சொல்ல? உள்ள பாலு எடுக்காகன்னா?" பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "ஒரு ஏச்சோட போயிரும்னு நெனச்சேன். எனக்கு இது ரெண்டு பஸ்ஸு தாயி இனிமே."

"நான் நாளைக்கு சார்கிட்டப் பேசறேங்க அக்கா."

"இன்னைக்கு நின்னீகளே, அங்கேயே. நீங்க சொல்லியிருந்தா அவரு ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்டாரு. படிச்ச பொண்ணு, பச்சப்புள்ளக்காரின்னு விட்டிருப்பாரு. உள்ளதச் சொல்ல வேண்டாம், 'அக்கா நல்ல ஆளு சார்'னாவது ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தேன். அம்புட்டுத்தான்."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். மறுநாள் நான் மேனேஜர் அறை வாசல்வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள். அதற்கு மறுநாள் ஷிப்மென்ட் அவசரம். பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று தோன்றியது. அக்கா மூன்று வாரம் சாமளாபுரம் போய்வந்து, வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பேட்டரி மாற்றி மிஷினைச் சரிசெய்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் இப்போது கதவுக்கு வெளியே ஆள் இல்லை. இரண்டாம் நாளே சூப்பர்வைசர் தடதடவென்று தட்டினார். "உள்ள ஆருங்க? சாவி எங்கே?" மேலாடையை இழுத்து மூடும்போது பாட்டில் சரிந்து கொட்டியது. அதன்பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாலே காது கதவில்தான் இருக்கும். பயந்த உடம்பில் பால் இறங்காது. அறுபது மில்லி முப்பதானது, பத்தானது.

"இதுக்கா இத்தனை அழுகாச்சி?" என்றார் என் மாமியார். "உன்ற ஊட்டுக்காரன் பவுடர் பால்லதான் வளந்தான். இப்ப என்ன கொறைஞ்சு போயிட்டான்?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளுக்கு மறுபடி வயிற்றால் போனது. எடை அட்டையில் கோடு இரண்டு மாதம் நேராகக் கிடந்தது. ஏற வேண்டிய கோடு ஏறவில்லை. ஏறக்கூடாத கோடோ, பஞ்சு தட்ட ஆளில்லாமல் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துநான்குக்கு மெதுவாக ஏறியது. அதைக் கவனித்ததும் நானே பிரஷ்ஷை எடுத்தேன். இப்போது பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் தூசு தட்டுவது நான்தான்.

ஆடிட் வந்தது. பெட்டிகள் வெளியே போயின. நாற்காலி, திரை, ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி. ஆடிட்டர் என் வயதுப் பெண். சென்சார் ரிப்போர்ட்டைப் புரட்டி, "இவ்வளவு சின்ன லோடுகூட டிராக் பண்ணியிருக்கீங்க, குட்" என்றார். மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. தாய்ப்பால் அறைக்கு வந்தபோது, "ஆபீஸ்ல கைக்குழந்தை இருக்கற அம்மா யாராவது இருக்காங்களா? பேசணும்" என்றார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சொல்லுங்க அம்மிணி, கூச்சப்படாதீங்க."

ஆடிட்டர் மேனேஜரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். பயப்பட யாருமே இல்லை. "நீங்க இந்த ரூமை யூஸ் பண்றீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவைங்க. பதினொண்ணுக்கும் மூணரைக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நேரம் தானாகவே வாயில் வந்தது. அப்போது எனக்குப் பால் வற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது.